பெரக்கின் பின்பக்கம்

டத்தோ கிராமாட், பினாங்கு
9.2.1975

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி புஷ்பவள்ளி எழுதுவது. நானும் தேன்மொழியும் சுகமாக இருக்கிறோம். காட்டுத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா, அந்தத் தலைவலி மறுபடி வந்ததா என்று முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் எல்லைக் காட்டுக் காவலுக்கு லாரியில் ஏறிப் போன அன்று தேன்மொழி சாயங்காலம் வரை அழவே இல்லை. போலீஸ் வண்டி எது வந்தாலும் அதில் அப்பா இருப்பார் என்று வாசலிலேயே நின்றாள். விளக்கு ஏற்றிய பிறகுதான் அழுதாள். பக்கத்து அறை ஜன்னத் வந்து தூக்கிக்கொண்டு போய்ச் சோறு ஊட்டினாள். அவள் புருஷன் நூர் முகம்மது அண்ணனும் உங்களோடு அதே லாரியில் போனவர்தானே. அவளுக்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது.

இந்தப் பெரக் குடியிருப்பை வெள்ளைக்காரன் கல்யாணமாகாத போலீஸ்காரர்களுக்காகக் கட்டினான் என்று நீங்கள் சொல்வீர்கள். ஓர் ஆள் கட்டில் போட்டுப் படுக்கிற அறையில் கட்டிலும் தொட்டிலும் அலமாரியும் சாமி படமும் நாமும் இருக்கிறோம். நீங்கள் போன பிறகு கொஞ்சம் நடமாட இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. பின்பக்கத்துச் சமையல் கொட்டகையில் அடுப்புக்கு இடம் பிடிக்க விடியும் முன்பே எழுந்துவிடுகிறேன். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. இத்தனை குடும்பத்துக்கும் அது ஒன்றுதானே.

சம்பளத்தை ஸ்டேஷனில் போய் வாங்கிக்கொண்டேன். என் அண்ணன் பிறை பட்டணத்திலிருந்து வந்திருந்தார். அவருடைய தொழிற்சாலையில் ஓவர்டைம் சேர்த்தால் உங்கள் சம்பளத்தைவிடக் கூடுதலாக வருகிறதாம். “துப்பாக்கி தூக்கிக்கிட்டுக் காட்டுல நிக்கிற மனுசனுக்கு, பெட்டி ஒட்டுற எனக்குக் குடுக்கறதக்கூடக் குடுக்க மாட்டேங்கறாங்களே. வேலைய விட்டுட்டு வரச் சொல்லு லா. எங்க கேட்டுல காவல் நிக்கிற ஜாகா வேலை வாங்கித் தரேன்” என்றார். நீங்கள் உடுப்புக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடும்போது உங்கள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர் பார்த்ததில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பதில் வரும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வள்ளி

*

முகாம்
2.3.1975

அன்புள்ள வள்ளிக்கு,

சிங்காரம் எழுதுவது. தலைவலி இல்லை. வயிறும் சரியாக இருக்கிறது. நீயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாக எழுதியதைப் படித்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

இங்கே கடிதம் ஹெலிகாப்டரில் அரிசியோடும் டின் மீனோடும் சேர்ந்து வருகிறது. வானம் மூடியிருந்தால் அரிசியும் இல்லை, கடிதமும் இல்லை. ஆகையால் என் பதில் தாமதமானால் ஒன்றும் நினைக்காதே. நாங்கள் இருக்கும் இடத்தின் பெயரை எழுதக் கூடாது என்று உத்தரவு. எழுதச் சொன்னாலும் எனக்குத் தெரியாது. எங்கே பார்த்தாலும் ஒரே மரம்.

கூரை ஒழுகுவதாக எழுதியிருந்தாய். எங்களுக்குக் கூரையே கிடையாது, அதனால் ஒழுகுவதில்லை. இரண்டு மரத்துக்கு நடுவில் துணியைக் கட்டி அதில் படுக்கிறோம். பூட்ஸ் காய்ந்து நான் பார்க்கவில்லை. அட்டைகளுக்கு என் ரத்தம் நூர் முகம்மதுவின் ரத்தத்தைவிட ருசியாக இருக்கிறதாம். அவர் சொல்லிச் சிரிக்கிறார்.

ஒரு நல்ல செய்தி. கோப்பரல் பட்டைக்கு என் பெயரை மேலே அனுப்பியிருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். பட்டை கிடைத்தால் நமக்கு இரண்டு அறை, தனி அடுப்பு, தனிக் குழாய். இந்த வருஷத்துக்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன். அதுவரை பெரக்கில் யாரோடும் எந்தப் பேச்சும் வேண்டாம். அங்கே உள்ள சார்ஜன் ஏதாவது சொன்னால் சரி என்று கேட்டுக்கொள். உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

தேன்மொழிக்கு என் முத்தங்கள்.

சிங்காரம்

*

பினாங்கு
30.3.1975

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். தேன்மொழிக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. மருந்து கொடுக்கிறோம். கவலைப்பட வேண்டியதில்லை. மழை விட்டுவிட்டது, வெயில் கடுமை. அண்ணன் வந்து போனார். நீங்கள் சொன்னபடி யாரிடமும் எதுவும் பேசுவதில்லை. பட்டை பற்றிய செய்தி சந்தோஷம். வெளியே போக வேண்டியிருப்பதால் அவசரமாக முடிக்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வள்ளி

*

முகாம்
20.4.1975

அன்புள்ள வள்ளிக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்க அதில் அதிகம் இல்லை என்பதால் அது சுலபமாக இருந்தது.

வழக்கமாகத் தேன்மொழி செய்த சேட்டையை மட்டுமே ஒரு பக்கம் எழுதுவாய். இதில் அவள் என்ன பேசினாள், எதை உடைத்தாள் என்று ஒரு வரி இல்லை. “மருந்து கொடுக்கிறோம்” என்று எழுதியிருக்கிறாய். வீட்டில் நீ ஒருத்திதான் இருக்கிறாய், வள்ளி. மருந்து கொடுக்கிறோம் என்று பேசுவது ஆஸ்பத்திரிக்காரர்கள். நீ நாள் முழுக்க அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்து எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் போலீஸ்காரன் என்பதை மறந்துவிட்டாயா?

தப்பாக நினைத்திருந்தால் சிரித்துவிட்டுப் போ. சரியாக நினைத்திருந்தால் உடனே எழுது. எதுவானாலும் தெரிந்துகொண்டு நிற்பது எனக்கு நல்லது.

சிங்காரம்

*

பினாங்கு
11.5.1975

அன்புள்ள மாமாவுக்கு,

இப்போது எழுதலாம். தேன்மொழி என் மடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள். இந்தக் காகிதத்தில் இருக்கிற எண்ணெய்க்கறை அவள் விரல்தான்.

நீங்கள் நினைத்தது சரி. அவளுக்கு வந்தது குடல் காய்ச்சல். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று கடையில் மருந்து வாங்கிக் கொடுத்தேன். அது இறங்கவே இல்லை. வயிறு வீங்கி, கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். ஜன்னத் ஒரு டாக்சியைப் பிடித்து வந்து, “நீ யோசிச்சது போதும், ஏறு” என்று என்னைத் தள்ளி ஏற்றினாள். பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். நான் உங்களுக்கு அந்தச் சின்னக் கடிதத்தை எழுதியபோது அவளுக்கு என்னை யாரென்று தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்தாள்.

எழுதாமல் விட்டதற்குத் திட்டுங்கள், பரவாயில்லை. எழுதினால் உங்களுக்கு லீவு கொடுத்திருப்பார்களா? கையில் துப்பாக்கியோடு காட்டில் நிற்கிற ஆளுக்கு நினைப்பு வார்டு வாசலில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒரு பயத்தோடு இன்னொரு பயத்தையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.

அவள் கண்ணைத் திறந்து “பசிக்குது” என்று சொன்னபோது பக்கத்துப் படுக்கைக்காரிகூட அழுதாள். இப்போது முடி கொட்டித் தலை சின்னதாகத் தெரிகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிறாள், ஆனால் ஓயாமல் பேசுகிறாள். இனி பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அதே வார்டில் நம் கோடி அறை ஆயிஷா அக்காவின் மகனும் இருக்கிறான். அவனுக்கு இன்னும் குணமாகவில்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரே இடத்திலிருந்து வந்ததைப் பார்த்து டாக்டரம்மா தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். நம் குழாய்க்கு வருகிற இரும்புக் குழாய் சாக்கடைக்குள்தானே ஓடுகிறது. அது எங்கோ இற்றுப் போயிருக்கிறது. தண்ணீர் குறையும்போது சாக்கடையை உறிஞ்சிக்கொள்கிறது. சார்ஜனிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான். மேலே எழுதிப் பல மாதம் ஆயிற்று, பணம் ஒதுக்கவில்லை என்றார். நான் இப்போது எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வைக்கிறேன். மண்ணெண்ணெய் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது எப்படி முடியும் என்று தெரியாததால் இப்போது எழுதவில்லை.

தேன்மொழி அப்பாவுக்கு ரொட்டி அனுப்பச் சொல்கிறாள்.

வள்ளி

*

முகாம்
8.6.1975

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதத்தைப் பாதி படித்ததும் எழுந்துவிட்டேன். நூர் முகம்மது அதை வாங்கி முதல் வரியை மறுபடி காட்டி, “ரொட்டி தின்னுதுன்னு போட்டிருக்கு, உக்காரு” என்றார். அதற்குப் பிறகுதான் மீதியைப் படித்தேன்.

உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது நான் இங்கே ஒரு பாலத்துக்குக் காவல் நின்றேன். லீவு கேட்டேன். பிள்ளை பிழைத்துக்கொண்டதால் அவசரம் இல்லை என்றார்கள். அதுவும் ஒரு விதத்தில் சரிதான்.

இந்த வாரம் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு வீட்டு விஷயமாகக் கொஞ்ச நேரம் பேசினார். பெரிதாக ஒன்றுமில்லை.

நீ சொன்ன அந்த இன்னொரு விஷயத்தை எழுதலாம் என்று உனக்குத் தோன்றும்போது எழுது. நான் கோபப்பட மாட்டேன். ஆயிஷா அக்காவின் மகன் எப்படி இருக்கிறான்? அவருக்கு என் ஆறுதலைச் சொல்.

பிள்ளைக்கு முட்டை வாங்கிக் கொடு. என் சைக்கிளை விற்றுவிடு.

சிங்காரம்

*

பினாங்கு
22.6.1975

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். தேன்மொழிக்குக் கன்னத்தில் சதை வந்திருக்கிறது. சைக்கிளை விற்கவில்லை, விற்கவும் போவதில்லை. இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

அன்று எழுதாமல் விட்ட விஷயம் இதுதான். போன மாத ஆரம்பத்தில் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பெரக்கைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதுவரை ஒதுக்க முடியாத பணம் அந்த வாரமே வந்துவிட்டது. ஆட்கள் வந்து முன்பக்கச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், வாசலில் பூந்தொட்டி வைத்தார்கள். பின்பக்கம் சாக்கடை தெரியாதபடி தகரங்களை நிறுத்தி மறைத்தார்கள். பெண்கள் நல்ல துணி உடுத்திப் பிள்ளைகளோடு வாசலில் நிற்க வேண்டும், கேட்டால் ஒழியப் பேசக் கூடாது என்று உத்தரவு.

சமையல் கொட்டகையில் எல்லாரும் கூடினோம். சில பேர் பயந்தார்கள். ஆயிஷா அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் சொன்னார்: “நம்ம வீட்டு ஆம்பளைங்க வாயத் திறந்தா வேலை போயிரும். நமக்கு யாரு சம்பளம் குடுக்கறா? நம்மள எந்த வேலையிலருந்து எடுப்பாங்க?” அவர் மலாயில் சொன்னதை ஜன்னத் தமிழில் ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். சத்தம் போடக் கூடாது, வந்தவரை மரியாதையாக நடத்த வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மாதக் கடைசியில் அவர் வந்த அன்று நல்ல வெயில். அதிகாரி வியர்த்து வழிய நடந்து வந்தார். கூடவே இங்குள்ள அதிகாரிகள். நம் வாசலுக்கு வந்ததும் நான் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினேன். சிரித்துக்கொண்டே எடுத்தார். வாயருகே கொண்டு போகும் வரைதான் பொறுத்தேன்.

“துவான், குடிக்காதீங்க,” என்றேன். “இது எங்க பின்பக்கத்துக் குழாய்த் தண்ணி. கொதிக்க வைக்கல. இதக் குடிச்சுத்தான் என் மக சாகக் கிடந்தா. இந்த அக்காவோட மகன் இன்னும் படுக்கையில கிடக்கான்.”

என் மலாய் எவ்வளவு மோசம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் புரிந்தது. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அதிகாரி அதை வாங்கக் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. “பின்பக்கம் போற வழி எது?” என்று மட்டும் கேட்டார். ஆயிஷா அக்கா முன்னால் நடந்தார். தகரத்தை அந்த மனுஷரே நகர்த்திப் பார்த்துவிட்டு, மூக்கைக்கூடப் பொத்தாமல் ரொம்ப நேரம் அங்கே நின்றார். தேநீர் ஏற்பாடு செய்திருந்தார்கள். குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

மறுநாள் என்னையும் ஆயிஷா அக்காவையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். யார் சொல்லிக் கொடுத்தது, உன் புருஷனா என்று ஓர் அதிகாரி கேட்டார். அவர் காட்டில் இருக்கிறார், அவருக்கு எதுவும் தெரியாது என்றேன். மன்னிப்புக் கேட்காவிட்டால் உங்கள் பட்டையை மறந்துவிட வேண்டியதுதான், பெரக்கை விட்டு வெளியேறவும் நேரலாம் என்றார். நாங்கள் இருவரும் கேட்கவில்லை. அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குப் பயம் இல்லை. இப்போது இருக்கிறது. வம்பு வேண்டாம் என்று நீங்கள் அத்தனை தூரம் எழுதியிருந்தீர்கள். என்னால் உங்களுக்குக் கெடுதல் வந்ததா? மறைக்காமல் எழுதுங்கள்.

வள்ளி

*

பினாங்கு
27.7.1975

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுவதற்கே பயமாக இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு வரிகூட இல்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதுங்கள். நீங்கள் கோபமாக உயிரோடு இருந்தால் எனக்கு அது போதும்.

எல்லைப் பக்கம் கம்யூனிஸ்டுகளோடு துப்பாக்கிச் சண்டை என்று ரேடியோவில் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை. ஜன்னத்துக்குக் கடிதம் வந்தது. நூர் முகம்மது அண்ணன் சுகமாம். உங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று ஒரு போலீஸ் வேன் உள்ளே வந்தது. விறைப்பான தொப்பி வைத்த ஓர் அதிகாரி இறங்கினார். காட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிற வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டோம். அவர் நடக்க நடக்க, தாண்டிய வாசலில் ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். நம் வாசலையும் தாண்டிப் போனார். கடைசியில் பார்த்தால் மின்சார மீட்டர் விஷயமாக வந்திருக்கிறார். எல்லாரும் சிரித்தோம். நான் உள்ளே போய்த் தேன்மொழியைத் தூக்கிக்கொண்டேன்.

எழுதுங்கள், மாமா.

வள்ளி

*

ஈப்போ ஆஸ்பத்திரி
17.8.1975

அன்புள்ள வள்ளிக்கு,

உயிரோடு இருக்கிறேன். கோபமாகவும் இல்லை. மலேரியா வந்து, இப்போது தேறிவிட்டேன். தினம் மூன்று வேளையும் கஞ்சி கொடுத்துக் கொல்கிறார்கள்.

உன் ஜூன் மாதக் கடிதம் வந்தபோது நான் முகாமில் இல்லை. நீண்ட ரோந்துக்குப் போயிருந்தோம். அங்கே எழுதவும் முடியாது, அனுப்பவும் முடியாது. திரும்புகிற வழியிலேயே ஜுரம் வந்துவிட்டது. நூர் முகம்மதுவும் இன்னொருவரும் என்னைத் தூக்கி வந்தார்களாம். உன் இரண்டு கடிதத்தையும் இங்கே கட்டிலில் படுத்துத்தான் படித்தேன். வேன் வந்ததைப் படித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நர்ஸ் ஜுரம் கூடிவிட்டது என்று நினைத்தாள்.

கோப்பரல் பட்டை இந்த முறை வரவில்லை. அடுத்த முறை பார்க்கலாம். அதை நினைத்து நீ வருத்தப்படாதே. பல காரணம் இருக்கும்.

தண்ணீரை இன்னும் கொதிக்க வைக்கிறாய் அல்லவா? அதிகாரி வந்து போனதில் ஏதாவது நடந்ததா?

சிங்காரம்

*

பினாங்கு
14.9.1975

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பு தேறிய செய்தி கேட்டுத் தண்ணீர்மலை முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். மறுபடி ஜுரம் வராமல் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

முதலில் இங்குள்ள செய்தி. ஆட்கள் வந்து பின்பக்கம் முழுவதையும் தோண்டிப் போட்டுவிட்டார்கள். பழைய குழாயை எடுத்து வெளியே போட்டபோது எல்லாரும் போய்ப் பார்த்தோம். சல்லடை மாதிரி இருந்தது. புதுக் குழாய் சாக்கடைக்கு எட்டத்தில் சுவரோரமாக வருகிறது. குழாய் நாலு வைத்திருக்கிறார்கள். திறந்தால் பளிச்சென்று விழுகிறது. சாக்கடைக்கு சிமெண்டு போட்டு மூடிவிட்டார்கள். சுகாதார இலாகா ஆள் வந்து தண்ணீரை எடுத்துப் போய்ப் பார்த்து, குடிக்கலாம் என்று சொன்ன பிறகும் நான் இரண்டு நாள் கொதிக்க வைத்தேன். யாரும் எங்களை வெளியேறச் சொல்லவில்லை. ஆயிஷா அக்காவின் மகன் வீட்டுக்கு வந்து, சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான்.

இனி உங்கள் செய்தி. நூர் முகம்மது அண்ணன் லீவில் வந்திருக்கிறார். ஜன்னத் கோழிக் கறி வைத்து எங்களையும் கூப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவர், “பட்டைய விட்டுட்டாரே ஒன் வீட்டுக்காரர், ஒனக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது என்றேன். ஜன்னத் அவர் காலை மிதித்தாள். அவர் நிறுத்தவில்லை.

நான் உங்களுக்கு எழுதும் முன்பே உங்களுக்கு எல்லாம் தெரியுமாம். இன்ஸ்பெக்டர் உங்களைக் கூப்பிட்டு, பினாங்கிலிருந்து தகவல் வந்திருக்கிறது, மனைவியை மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஒரு கடிதம் எழுது, பட்டை தானாக வரும் என்றாராம். நீங்கள் சொன்னதை அண்ணன் அப்படியே சொன்னார்: “அவ கேட்டது தண்ணி, துவான். நான் அங்க இருந்திருந்தா நான் கேட்டிருக்கணும். அவளுக்கு நான் என்னன்னு எழுதறது?” இன்ஸ்பெக்டர் உங்களைப் போகச் சொன்னாராம். அடுத்த வாரம் உங்கள் முறை இல்லாத ரோந்துக்கு உங்களை அனுப்பினார்கள். அது தண்டனையா, ஆள் பற்றாக்குறையா என்று தனக்குத் தெரியாது என்றார் அண்ணன்.

“பெரிதாக ஒன்றுமில்லை” என்று நீங்கள் ஜூன் மாதம் எழுதியது இதைத்தானா?

சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு அறை வீடு போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நேற்று இரவு படுத்ததும் தூங்கிவிட்டேன். நீங்கள் போன பிறகு அப்படித் தூங்கியதில்லை.

வள்ளி

*

முகாம்
12.10.1975

அன்புள்ள வள்ளிக்கு,

சுகம். மாத்திரையைச் சாப்பிடுகிறேன். கண்ணாடியில் பார்த்தால் என் அப்பா மாதிரி இருக்கிறேன், ஆகையால் என்னைப் பார்த்ததும் பயப்படாதே.

எனக்குப் பினாங்குக்கே மாற்றல் வந்திருக்கிறது. ஜெலுத்தோங் ஸ்டேஷன். மாதக் கடைசியில் இங்கிருந்து புறப்படச் சொல்லியிருக்கிறார்கள். உத்தரவைக் கையில் கொடுத்தது அதே இன்ஸ்பெக்டர்தான். நான் நிமிர்ந்து சல்யூட் அடித்தேன். “குழாய் வந்துருச்சா?” என்று கேட்டார். வந்துவிட்டது, துவான் என்றேன். “நல்லது. பிள்ளையப் போய்ப் பாரு” என்றார். மனுஷர்களை ஒரே பக்கமாகப் பார்த்து முடிவு கட்டிவிட முடியாது போலிருக்கிறது.

நூர் முகம்மதுவுக்கு வாய் அதிகம். அவர் சொன்னதைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை.

பட்டர்வொர்த் வரை பஸ், அப்புறம் பெரி படகு. என்றைக்கு என்று சரியாகத் தெரியாது. அதனால் படகுத்துறைக்கு வந்து நிற்காதே.

சிங்காரம்

*

பினாங்கு
26.10.1975

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதம் முகாமுக்குப் போய்ச் சேரும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் எதிரே வந்து உட்கார்ந்தால் எனக்கு இதெல்லாம் சொல்ல வராது. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

நீங்கள் எனக்காகப் பேசினீர்கள். நான் அறியாத இடத்தில், எனக்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணம்கூட இல்லாமல் பேசினீர்கள். கல்யாணம் ஆன நாளாக உங்களை நல்ல மனுஷர் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு மேல் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைக்கிறேன். குழாயடியில் வரிசையில் நிற்கும்போதுகூட நினைப்பு வந்து, ஜன்னத் என்னை இடித்துவிட்டுச் சிரிக்கிறாள்.

இன்னொன்று. பெரக் குடும்பங்களின் குறைகளை மாதம் ஒருமுறை ஸ்டேஷனில் வந்து சொல்ல ஒரு பெண்ணை நியமிக்கச் சொல்லி சார்ஜன் வந்து கேட்டார். எல்லாரும் என் பெயரைச் சொன்னார்கள். உங்களைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். வந்த பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

தேன்மொழிக்கு முடி வளர்ந்து ரிப்பன் கட்டும் அளவுக்கு வந்துவிட்டது. தினமும் காலையில் ரிப்பன் கட்டச் சொல்கிறாள். ஏன் என்று கேட்டால் அப்பா பெரியில் வருவார் என்கிறாள். படகுத்துறைக்குப் போகக் கூடாது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் போவோம்.

முகாமில் இதைப் பிரித்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு: தம்பி, என் கணவர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்களும் உங்கள் வீட்டுக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். அங்கே ஒருத்தி வாசலில் நின்றுகொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
புஷ்பவள்ளி சிங்காரம்